கறுப்பாகத் தெரிவது

1

போன வாரம் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். காந்த அறைக்குள் நுழையும் முன் உடம்பில் இருக்கும் உலோகத்தையெல்லாம் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. தலை ஊசி, சாவி, காதிலும் மூக்கிலும் மாட்டியவை, எதற்காகப் பையில் கிடந்தது என்று அதன் சொந்தக்காரனுக்கே தெரியாத ஓர் ஆணி, எல்லாம் தட்டில் விழுந்தன. "எல்லாம் எடுத்தாயிற்றா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். நான் நம்பவில்லை. ஒவ்வொருவராக நிறுத்தி மறுபடி கேட்டேன். அவர்களுடைய ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. என் பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்றார். பொய் என்று நான் சொல்லவில்லை அம்மா, எடுக்க வேண்டிய பொருள் என்று அவர்களுக்கே தோன்றாத ஏதாவது இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே என் தம்பி செல்வராஜின் நினைவு வந்துவிட்டது. அவனைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்து, தைரியம் வராமல் தள்ளிப்போட்டிருந்தேன். அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

நான் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், சித்தூர் தாலுகா பெருமாட்டிக்காரி. ஜெர்மனிக்கு வந்த பிறகு பிறந்த என் மகள் நிலாவுக்கு இப்போது உயரமும் வாயும் என்னைவிட நீளம். பெருமாட்டியில் என்னை ஸ்கேன் எடுக்கிறவள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பாதி சரி. ரத்தத்தை உண்டாக்கும் மூல செல்கள், ஊரிலும் இப்போது எல்லோரும் சொல்கிற ஸ்டெம் செல்கள், எலும்பு மஜ்ஜைக்குள் குடியிருப்பவை. அவற்றை ஓர் உடம்பிலிருந்து எடுத்து இன்னோர் உடம்பின் ரத்தக் குழாயில் ஏற்றினால், யாரும் வழி சொல்லாமலே மஜ்ஜையைத் தேடிப் போகும். போய்ச் சேர்ந்தனவா, வழியில் நுரையீரலிலோ மண்ணீரலிலோ தங்கிவிட்டனவா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதற்காக, ஏற்றும் முன் அந்த செல்களுக்கு மிகப் பொடியான இரும்புத் துகளை ஊட்டுகிறோம். காந்தப் படத்தில் இரும்பு இருக்கும் இடம் கறுப்பாக விழும். சுண்டெலியின் கால் எலும்பில் கறுப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் அன்று எல்லோருக்கும் என் செலவில் காபி. எலிகளோடு சரி, மனிதர்களுக்கு நாங்கள் இதைச் செய்வதில்லை.

அந்தக் கறுப்புக்கு ஒரு குறை உண்டு. அது இரும்பைக் காட்டும், உயிரைக் காட்டாது. செல் செத்துப்போய், அதன் இரும்பை வேறொரு செல் விழுங்கியிருந்தாலும் படத்தில் அதே கறுப்புதான். இதைச் சரிசெய்யத்தான் நாங்கள் இத்தனை வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

2

செல்வாவுக்கு வந்தது மஜ்ஜை வற்றிப்போகும் நோய். நெல்லும் தென்னையுமாக ஓடிக்கொண்டிருந்தவன், வரப்பில் நாலு எட்டு வைக்க மூச்சு வாங்கினான். பல் தேய்த்தால் ஈறில் கசியும் ரத்தம் நிற்பதில்லை. மாதக்கணக்கில் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றி ஓட்டினார்கள். கடைசியில், கூடப் பிறந்தவர்களின் செல் பொருந்தினால் மாற்றிவிடலாம் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். பொருந்தியது. போட்டது போட்டபடி கிளம்பிப் போனேன்.

நான் அவனுக்கு அக்கா என்பதற்குச் சான்று கேட்டார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று செல்வாவின் மனைவி ரேவதி கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை. எங்கள் அப்பா, நாங்கள் அய்யன் என்போம், ஊரில் வில்லேஜ் ஆபீசுக்கு நடையாய் நடந்து 'பந்துத்வ சர்டிபிகேட்', அதாவது உறவுச் சான்று, வாங்கி வந்தார். முழுக்க மலையாளம். கோயமுத்தூர் ஆபீஸ்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இதில் அக்கா என்று எங்கே எழுதியிருக்கிறது என்றார். எல்லையில் பிறந்தவர்களின் தலையெழுத்து இது. வாயில் கோயமுத்தூர்த் தமிழ், முத்திரை மலையாளத்தில். எனக்கு அதற்கு மேல் ஜெர்மன் வேறு. மொழிபெயர்ப்புக்கு ஆள் பிடித்து, அதற்கும் ஒரு முத்திரை வாங்கி, ஒரு வழியாக நான் என் தம்பிக்கு அக்கா ஆனேன்.

எனக்கு ஊசி போட்டு மஜ்ஜையிலிருந்த செல்களை ரத்தத்துக்கு இறங்க வைத்தார்கள். எலும்பெல்லாம் குடைந்தது. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், செல்களை விட்டுவிட்டு இன்னொரு கை வழியாகத் திரும்பியது. கடைசியில் மிஞ்சியது ஒரு சின்னப் பை, தக்காளி ரசத்தின் நிறம். அதற்கு முன்பே செல்வாவைத் தனியறையில் அடைத்து, கடுமையான மருந்து ஏற்றி அவனுடைய பழைய மஜ்ஜையை முழுக்க அழித்திருந்தார்கள். பையைத் தொங்கவிட்டபோது கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்நாள் முழுக்க ஊரார் செல்களுக்கு அடையாளம் வைத்தவள், என் சொந்த செல்கள் எந்த அடையாளமும் இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்குவதை வேடிக்கை பார்த்தேன்.

அவை பிடித்தனவா என்று தெரியும் முன்பே என் விடுப்பு தீர்ந்தது. இங்கே வந்ததும் கடவுச்சீட்டின் காலமும் தீர்ந்தது. புதுப்பிக்கக் கொடுத்தேன், அது ஓர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. ஜெர்மனியில் எதற்கும் 'டெர்மின்' வேண்டும், அதாவது முன்கூட்டியே குறித்து வாங்கிய நேரம். அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருக்கலாம் என்று போய் நின்றேன். அவசரத்துக்குத் தனி டெர்மின் இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள் என்றார் அங்கே இருந்த அம்மாள், சிரிக்காமல்.

3

அய்யன் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார். "நாத்து பச்சை புடிச்சுதா கண்ணு?" நட்ட நாற்று முதலில் வெளுத்து, வேர் பிடித்த பிறகே பச்சைக்குத் திரும்பும் அல்லவா, அதைக் கேட்கிறார். செல்வாவின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லை என்ற நிலையிலேயே நின்றன. வெள்ளை அணு இல்லாத உடம்பில் சாதாரணக் கிருமிகூடப் புகுந்து விளையாடும். வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே அழுகிறான் என்றாள் ரேவதி. "இன்னுமில்லீங்கய்யா, பொறுங்க," என்று நான் சொல்வேன். "நட்டதைப் புடுங்கியா பாக்க முடியும்?" என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டு போனை வைப்பார்.

ஒரு சாயங்காலம் நிலா கேட்டாள். அவளுக்கு இரும்பு என்ற சொல் வராது, ஜெர்மன் சொல்தான் வரும். "அம்மா, மாமாக்கு நீ குடுத்த செல்லுல ஏன் ஐசன் போடலை? போட்டிருந்தா இப்போ பாக்கலாம்ல?"

மனிதர்களுக்குப் போட எங்களுக்கு அனுமதி இல்லை என்றேன். போட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது, இத்தனை மாதம் ஏற்றிய ரத்தத்தின் இரும்பெல்லாம் அவன் ஈரலிலும் மஜ்ஜையிலும் படிந்து, அந்தப் படமே இருட்டாகத்தான் இருக்கும் என்றேன்.

"அப்போ உன் வேலையால மாமாக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, கணக்குக்கு விடை சொல்வது போலச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவளைத் திட்ட வாய் எடுத்தேன், திட்ட ஒன்றும் இல்லை. அவள் சொன்னது உண்மை.

4

செல்வாவுக்குக் காய்ச்சல் ஏறியது. வலது இடுப்பு வலிக்கிறது என்று முனகியிருக்கிறான். அங்கே காந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நான் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், ரேவதி அந்தப் படத்தைப் போனில் பிடித்து அனுப்பினாள். வலது இடுப்பெலும்பை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்பு, எலுமிச்சங்காய் அளவுக்கு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்த கணத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்துட்டாங்க என்று மனசு துள்ளியது. பழக்க தோஷம். அடுத்த கணம்தான் உறைத்தது, என் செல்களில் ஏது இரும்பு? அப்படியானால் இது என்ன கறுப்பு? கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ரேவதி அழைத்தாள். உள்ளே ரத்தம் கசிந்து கட்டியிருக்கலாம், இல்லாவிட்டால் எலும்பில் பூஞ்சைத் தொற்று இறங்கியிருக்கலாம், எதுவென்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது, நாளைக் காலை அந்த இடத்தில் ஊசியை இறக்கி எடுத்துப் பார்க்கப் போகிறோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவனிடம் நன்றாகக் குறைந்திருந்தன. ஊசி குத்தினால் ரத்தம் நிற்காமல் போகலாம் என்று முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். "நான் போட்டுட்டனுங்கக்கா," என்றாள் ரேவதி. "போடாம என்னங்க பண்ணறது?"

மற்ற படங்களையும் அனுப்பு என்றேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்து அனுப்பினாள். வெட்டு வெட்டாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்தக்கட்டும் கறுப்பாகத் தெரியும், அதிலும் இரும்பு உண்டு. ஆனால் இந்தக் கறுப்புக்கு ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை விளிம்பு இருந்தது. அதைவிட, அந்த இடத்தில் தோலின் கோடே வளைந்து காணாமல் போயிருந்தது, யாரோ கடித்துவைத்த கொய்யாப்பழம் மாதிரி. எந்த ரத்தக்கட்டும் தோலைக் கடிக்காது. எங்கள் எலிகளின் காதில் மாட்டிய அடையாள வளையத்தை எடுக்க மறந்துவிட்டால் படம் இப்படித்தான் கெட்டுப்போகும். அது அவன் உடம்புக்குள் இல்லை, உடம்பின் மேல் இருக்கிறது.

5

"ரேவதி, ஸ்கேனுக்குப் போறப்ப அவன் மேல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லீங்கக்கா. மோதரம், சங்கிலி எல்லாம் கழட்டி என்ற கைலதான் குடுத்தாரு. அவிங்களும் கேட்டாங்க, எல்லாம் எடுத்தாச்சுன்னுதான் சொன்னாரு."

"இடுப்புல?"

"ஏனுங்கக்கா, அரணாக்கயிறையுமா அவுக்கச் சொல்றாங்க?"

குழந்தையிலேயே இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிறு. எங்கள் பக்கத்து ஆம்பளைகள் அதைக் கழற்றுவதில்லை. செத்த பிறகு, சுடுகாட்டில் வைத்து அறுப்பதோடு சரி. உடம்பில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டால் அவர்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள், தொப்புளைக் கழற்றி வை என்றால் எப்படியோ அப்படி. வார்டு நர்சுகளுக்குக் கயிறு இருப்பது தெரியும், தினமும் மருந்து போட்டுத் துடைத்திருக்கிறார்கள். ஸ்கேன் அறையில் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர்கள் இருந்தார்கள். வார்டிலேயே பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று அவர்கள் இருந்தார்கள்.

"வெறுங்கயிறு கறுப்பா விழுகாது. அதுல என்ன கோத்திருக்குது?"

போன் கைமாறியது. "தாயத்து கண்ணு," என்றார் அய்யன். "ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முந்தி நாந்தான் கட்டிவுட்டேன்."

"உள்ள என்னங்கய்யா இருக்குது?"

"இரும்புத் துண்டு. காத்துக் கருப்பு அண்டாதுன்னுதான். ஏங் கண்ணு, அது தப்பா?"

நாங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இரும்பு வைக்கிறோம். அய்யனோ, யார் கண்ணும் படக்கூடாது என்று வைத்திருக்கிறார். அந்தக் காந்தத்துக்குள் இரும்போடு போனால் அது உடம்பைக் கிழித்துக்கொண்டு பாயும் என்று எனக்குத் தெரியும். துண்டு சின்னது, அதனால் அவன் தப்பித்தான். அய்யனிடம் கத்திவிட்டேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் ரேவதியிடம் போனைக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

டாக்டரிடம் பேசினேன். நல்ல மனிதர். படத்தை மறுபடி திறந்து பார்த்து, தோலின் கோட்டை அவரும் கண்டுகொண்டார். "கழற்றிவிட்டு இன்றைக்கே இன்னொரு தடவை எடுத்துவிடலாம். ஒன்றும் இல்லை என்றால் ஊசி வேண்டாம். ஆனால் உங்கள் தம்பி கயிற்றைத் தொடவிட மாட்டேன் என்கிறார். நீங்களே சொல்லிப் பாருங்கள்." தாயத்தை மட்டும் உருவவும் முடியவில்லை, கயிற்றோடு முடிச்சிட்டு மெழுகு வைத்து இறுக்கியிருந்தது.

ஷைனி என்கிற மலையாளி நர்ஸ் தனியறைக்குள் செல்வாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டாள். தலையில் ஒரு முடி இல்லை, உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் சுளித்தான்.

"அறுக்கறது எப்பன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்டா. நாளைக்கு ஊசி குத்துனா ரத்தம் நிக்காது. அது உனக்குத் தெரியுமா?"

"குத்தட்டும்."

"டேய், ஒரு கயித்துக்காகடா?"

கண்ணை மூடிக்கொண்டான். போய்விட்டான் என்று நினைத்தேன். பிறகு மெல்லப் பேசினான். "பழசையெல்லாம் மருந்து ஊத்திக் கொன்னுட்டாங்க. உன்னுது இன்னும் புடிக்கலை. நடுவால ஒண்ணுமில்லாம கெடக்கறேன். என்ற மேல இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் அறுத்துட்டா என்னக்கா இருக்குது?"

இந்த இடைவெளியைப் பற்றி நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். பழைய மஜ்ஜை போய்ப் புதியது வரும் வரைக்குமான காலம் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவேன். அந்தக் கோட்டுக்குள் ஓர் ஆள் படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் அவனுக்குக் கயிறு மாற்றிவிடுவாள்.

"செல்வா, பழசை அறுக்கறதுக்கு முந்தி அம்மா என்ன பண்ணும்?"

கண்ணைத் திறந்தான்.

"சொல்றா."

"புதுசைக் கட்டும்."

"கட்டிட்டுத்தானே அறுக்கும்? ஒரு நிமிசங்கூட இடுப்பை வெறுசா வுடாதல்ல?"

"இங்க கயிறு ஏது? வெளிய இருந்து ஒண்ணும் உள்ள வரக்கூடாதாமா."

போனைப் பிடித்திருந்த ஷைனியின் குரல் குறுக்கே வந்தது. "அதினு எந்தா சேச்சி? ஞான் கெட்டித் தராம்." தானே கட்டிவிடுவதாகச் சொல்லி, கிருமி நீக்கிக் கட்டிவைத்த காயத்துணியிலிருந்து ஒரு நீளப் பட்டையைக் கிழித்து, முறுக்கிக் காட்டினாள்.

"வெள்ளையா இருக்குதே," என்றான் செல்வா. "கறுப்புத்தானே கட்டோணும்?"

"கறுப்பு வேண்டாம்டா சாமி," என்றேன். "இன்னிக்கு நான் பாத்த கறுப்பே போதும்."

6

ஷைனி முதலில் வெள்ளையைச் சுற்றி முடிச்சிட்டாள். அவன் கையை வைத்துத் தடவிப் பார்த்து, இன்னொரு முடிச்சுப் போடச் சொன்னான். போட்டாள். பிறகு கத்தரியை எடுத்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், நானும் மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. "தீர்ந்து," முடிந்தது என்று ஷைனி சொன்ன பிறகே திறந்தேன்.

மறுபடி எடுத்த படம் வந்து சேர்ந்தது. மங்கலான எலும்பு, அதன் மேல் தசை, அதன் மேல் ஒழுங்கான தோல். வேறு ஒன்றும் இல்லை. எங்கள் வேலையில் இப்படி ஒன்றுமே தெரியாத படம் வந்தால் அன்றைக்கு யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். நான் அதை மேசையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

அத்தோடு பயம் தீர்ந்துவிடவில்லை. அப்படியானால் வலி எதனால் என்று கேட்டேன். மஜ்ஜை விழிக்கும்போதும் இடுப்பு வலிக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார். நம்பிச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. காய்ச்சல் விட்டபாடில்லை. வெள்ளை அணுக்கள் வந்தபாடில்லை. அய்யன் நாற்றைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தார். அது இன்னும் கலவரமாக இருந்தது.

7

காந்த அறைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய், எலிகளைப் படமெடுத்து முடித்துவிட்டு வெளியே வந்து திறந்தேன். ரேவதியிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். நம் வீடுகளில் இப்படி விடாமல் போன் அடிப்பது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். அலமாரிக்கு எதிரே ஒரு மரப் பெஞ்சு உண்டு, அதில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணை அழுத்த விரல் வரவில்லை. கடவுச்சீட்டு கையில் இல்லை, இப்போது போகவும் முடியாது என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப ஓடியது. கடைசியில் அழுத்தினேன்.

மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள். ஒரே அழுகை. "அக்கா... அக்கா..." என்பதற்கு மேல் வரவில்லை.

"சொல்லு ரேவதி. என்ன ஆனாலும் சொல்லீரு."

"கஞ்சிய... கஞ்சியத் துப்பீட்டாருங்கக்கா."

"அப்பறம்?"

"உப்பில்லாத கஞ்சிய மனுசன் குடிப்பானான்னு கத்தறாருங்கக்கா! வாயத் தொறந்து கத்தறாருங்க! வேணும்னா நீங்களே கேளுங்க!"

போனைத் தள்ளிப் பிடித்தாள். கரகரத்த குரல், அரைக் குரல்தான், ஆனாலும் திட்டு முழுத் திட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உனக்கு உப்புக் கணக்குத் தெரியவில்லை என்று தொடங்கி, அவள் பிறந்த ஊர்வரைக்கும் போய்க்கொண்டிருந்தான்.

வெள்ளை அணுக்கள் வந்தால்தான் அந்த வாய்ப்புண் ஆறும். அவனுடையது என்று அவனிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. ஆற்றிக்கொண்டிருந்தவை என்னுடையவை. ரத்த அறிக்கை மறுநாள்தான் வந்தது, அதற்காக நான் காத்திருக்கவில்லை.

"உப்புப் போடு ரேவதி," என்றேன். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு, நெறையப் போடு."